சயாம் பூனைக்குப் பூமுடி

ஊசிக்கல் தோட்டத்துப் பெரிய துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் புறப்பட்டபோது, தேயிலையைச் சின்னத்துரையிடமும், ஆபீசையும் பங்களாவையும் பெரிய கிளாக்கரிடமும், பூனையை அம்மாக்கண்ணுவிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். இவற்றில் எது பெரிய பொறுப்பு என்று கேட்டால் தேயிலை என்று சொல்லுகிறவன் அந்தப் பூனையைப் பார்த்திருக்க மாட்டான்.

அம்மாக்கண்ணு கைம்பெண். புருஷன் சோலைமலை, சரிவில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்து ஏழு வருஷமாகிறது. நாலு வருஷத்துக்கு முன் இந்தத் துரை வந்தபோது, அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஆயாவாக அவளைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து பங்களாவுக்கு எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஏழு வயதும் ஆனதும் சீமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்ற பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு வெறுங்கையோடு நின்ற துரைசாணி மனசு ஆறாமல் கொழும்பிலிருந்து ஒரு பூனையை வரவழைத்தாள். ஆயாதான் ஏற்கனவே இருக்கிறாளே. மறுநாளே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவளுக்குப் 'பூனை ஆயா' என்று பேர் விழுந்துவிட்டது.

அது சயாம் நாட்டுப் பூனை. பாலில் ஒரு சொட்டுத் தேத்தண்ணி விழுந்தாற்போல உடம்பு. மூஞ்சி, காது, வால், நாலு பாதம் மட்டும் கறுப்பு. நீலக் கண், அதுவும் கொஞ்சம் மாறுகண். வால் நுனியில் இடது பக்கமாக ஒரு மடிப்பு. வாயைத் திறந்தால் பச்சைப் பிள்ளை வீறிடுவது மாதிரி இருக்கும். பேர் பிரின்சஸ். அம்மாக்கண்ணு 'பிரின்சி' என்பாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் வேலாயி முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "என்னாடி, கருவாடு சுடுற அடுப்புல மூஞ்சிய விட்ட மாதிரி இருக்கு. இதுக்கா இந்தக் கொண்டாட்டம்?" என்று கேட்டாள்.

கொண்டாட்டத்துக்குக் காரணம் பங்களா ஹாலில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. பூனையின் வம்சப் பத்திரம். பிரின்சியின் தகப்பன் பேர், தாய் பேர், அவர்களைப் பெற்றவர்கள் பேர், அவர்களையும் பெற்றவர்கள் பேர் என்று நாலு தலைமுறை, பிறந்த தேதியோடு, முத்திரையோடு. அம்மாக்கண்ணுக்குத் தன் தாத்தா பேர் வரைக்கும்தான் தெரியும். அதுவும் கப்பலடியில் கங்காணி வைத்த பேர் என்று அவள் அப்பன் சொல்லியிருந்தான்.

துரைசாணி போவதற்கு முன் பூனை வளர்ப்பைப் பற்றி ஆறு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனாள். அதைப் படித்துச் சொல்ல பெரிய கிளாக்கர் துரைராசா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். துரை ஒரு சொல் சொன்னால் அதற்கு ஒன்பது சொல் தன் பங்காகச் சேர்த்துத் தோட்டத்துக்கு விளம்புகிறவர்.

"இஞ்ச கேள் அம்மாக்கண்ணு. காலமையும் பின்னேரமும் மீன் அவிச்சு முள்ளெடுத்துக் குடுக்க வேணும். கிழமைக்கு ரெண்டு தரம் ஈரல். பஞ்சில எண்ணெய் தொட்டுக் காது துடைக்க வேணும். நாளுக்கு ஒருக்கா பிரசால தடவ வேணும். யன்னல் திறக்கவே கூடாது. வெளியில விடக் கூடாது. எலி பிடிக்க விடக் கூடாது, எலியில கிருமியாம்."

"எலி புடிக்காட்டி அது என்னா பூனைங்கய்யா?"

"அதைத் துரைசாணியிட்டைக் கேள். எனக்கு எழுதிக் கிடக்கிறதைத்தான் வாசிக்கத் தெரியும்."

கடைசிப் பக்கத்தில், பூனை இருக்கும் அறையில் காலையும் மாலையும் கணப்பில் நெருப்பு எரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அதையும் கிளாக்கர் வாசித்தார். வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "துரை இல்லாத பங்களாவில ஆர் குளிர் காயிறது? விறகு வேண்டாம்" என்றார். பங்களாவுக்கு வர வேண்டிய விறகுக்கட்டு அன்றிலிருந்து வழிமாறிக் கிளாக்கர் வீட்டுக்குப் போயிற்று. அவர் வீட்டுப் புகைக்கூண்டில் காலையும் மாலையும் புகை கிளம்பியதை லயமே பார்த்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அம்மாக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பிரஜாவுரிமை மனு ஆறு வருஷமாக எங்கேயோ கிடந்து, இப்போதுதான் விசாரணைக்கு வந்திருந்தது. நவம்பர் மாதம் லிந்துலையில் விசாரணை. நாற்பத்தாறாம் வருஷத்துக்கு முந்தி பத்து வருஷம் இந்த நாட்டிலேயே இருந்தாய் என்று காட்ட வேண்டும். அவள் பிறந்தது இதே தோட்டத்தில், மேல் கணக்கு ஐந்தாம் லயத்தில், மூன்றாவது காம்பராவில். அப்பனையும் ஆத்தாளையும் புருஷனையும் புதைத்தது இதே தோட்டத்துச் சவக்காலையில். ஆனால் அதையெல்லாம் மண் சொன்னால் எடுபடாது, காகிதம் சொல்ல வேண்டும். பழைய காலத்தில் தினமும் ஆள் கணக்கு எழுதின பெரட்டுப் புத்தகங்களும் பிறப்பு இறப்பு எழுதின புத்தகமும் ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறையில் கிடந்தன. அந்த அறையைத் திறந்து பார்த்தால், எலி தின்று மிச்சம் வைத்தது அட்டை மட்டும். இரண்டு மைல் தள்ளிப் பங்களாவில் ஒரு பூனை, எலி பிடிக்கக் கூடாதென்ற உத்தரவோடு, ஈரல் தின்றுகொண்டிருந்தது.

மிஞ்சி இருந்த ஒரே வழி துரையின் கடிதம். போவதற்கு முன் அவளை வாசலில் நிறுத்தி வைத்து, கிளாக்கர் வாயால் துரை சொன்னார்: "திரும்பி வந்ததும் கடிதம் தருவார். பூனை நல்லபடி இருக்க வேணும், அவ்வளவுதான்." தலைக்கு மேல் ஒரு கடிதமும் மடியில் ஒரு பூனையுமாக அம்மாக்கண்ணு அந்த ஆறு மாதத்தைத் தொடங்கினாள். கடிதம் கிடைக்காவிட்டால் அவள் இந்தியாக்காரி. இந்தியாவில் அவளுக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது.

சும்மா சொல்லக் கூடாது, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படி வளர்க்க மாட்டார்கள். மீனை அவித்து, முள் எடுத்து, எடுத்தது சரிதானா என்று தன் வாயில் போட்டுப் பார்த்து, பிறகுதான் வைப்பாள். பங்களா வாசல் வழியாக அட்டைப்பூச்சி ஒன்று எப்படியோ உள்ளே ஏறிப் பூனையின் காதுக்குப் பின்னால் கடித்துவிட்டது என்று அன்று முழுக்கச் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் காலை அட்டைகள் நாற்பது வருஷமாகக் கடிக்கின்றன, அதற்கு ஒரு நாளும் சோறு தள்ளவில்லை.

மே மாதம் கழிந்து தென்மேல் மழை பிடித்தது. இந்தப் பக்கத்து அக்கரப்பத்தனை மழை தெரியுமல்லவா, பெய்யத் தொடங்கினால் வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். கணப்பில்லாத பங்களா கிணறு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. சமையலறையில் மீன் அவிக்கிற அடுப்பு ஒன்றுதான் சூடு. பிரின்சி அந்த அடுப்போரமே கதி என்று சுருண்டு கிடந்தது. ஜூலை பிறந்து ஒரு நாள் காலையில் பிரசால் தடவும்போதுதான் அம்மாக்கண்ணு கவனித்தாள். பூனையின் விலாப்புறம் பழுப்பேறியிருந்தது. தடவிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

"அடுப்புப் புகைடி" என்றாள் வேலாயி. அவளுக்குத் தெரியாத விஷயம் இந்த மலையில் கிடையாது. "ஒங்க வீட்டுக் கூரைத் தகரம் எப்பிடி கறுத்துச்சு? அதே கதைதான். அடுப்புக்கிட்ட விடாத."

நியாயம்தானே. அம்மாக்கண்ணு பூனையை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போய் முன் ஹாலில் விட்டாள். அது பிள்ளை மாதிரி வீறிட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப அடுப்புக்கு ஓடி வந்தது. கதவைச் சாத்தினாள். மூன்று வாரத்தில் விலாப்புறத்துப் பழுப்பு முதுகுக்கு ஏறியது.

"அழுக்கு உள்ள எறங்கிருச்சு. தேச்சுக் குளிப்பாட்டு" என்றாள் வேலாயி.

பாசிப்பயற்று மாவும் எலுமிச்சம்பழச் சாறும் கலந்து, மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் குளிப்பாட்டினாள். அந்தக் குளிரில் அந்தத் தண்ணீரில் குளிப்பதென்றால் மனிதனே இரண்டு தரம் யோசிப்பான். கையெல்லாம் நகக் கீறலோடு, பூனையைச் சேலை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு, "பொறுத்துக்க தாயி, வெள்ளையாயிட்டா என் கடிதாசி கெடைச்சிரும்" என்று கெஞ்சினாள். வாரம் இரண்டு தரம் குளிப்பு. ஆகஸ்ட் கடைசியில் பூனை தேத்தண்ணிச் சாயத்தில் முக்கி எடுத்தது போலாகிவிட்டது.

அம்மாக்கண்ணு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். துரை வர இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. கிளாக்கரிடம் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். அவர் வாரத்துக்கு ஒரு தரம் வந்து வாசலிலிருந்தே "பூனை சாப்பிடுதோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போகிறவர். வேலாயி கண்ணூறு என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். கண்ணூறும் கழியவில்லை. கடைசியில் வேலாயி யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ஒம் மக வயித்துப் பேத்தி நாகலெச்சுமிக்குச் செம்பட்டை முடியா மொளைச்சப்ப என்னா பண்ணுனோம்?"

"மாரியம்மன் கோயிலுக்கு முடி எறக்குனோம்."

"அப்பறம் எப்பிடி மொளைச்சிச்சு?"

"கருகருன்னு மொளைச்சிச்சு. ஏண்டி, அதுக்குக் கறுப்பா மொளைச்சாப் பூனைக்கு எப்பிடி வெள்ளையா மொளைக்கும்?"

"ஆத்தாவுக்குத் தெரியாதா யாருக்கு என்னா நெறம் வேணும்னு? வேண்டிக்கிட்டுச் செய்யி."

முழு மொட்டையா, ஒரு கொத்து மட்டும் எடுக்கிற பூமுடியா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. முழு மொட்டையடித்த பூனையைத் துரைசாணி கண்ணில் காட்ட முடியாது என்பதால் பூமுடி என்று தீர்ந்தது. வேலாயி கம்பளியில் பூனையைச் சுருட்டித் தலையை அமுக்கிப் பிடித்தாள். துரைசாணி நகம் வெட்டும் கத்தரிக்கோலால், கண்ணை மூடி "ஆத்தா" என்று சொல்லிக்கொண்டு, நடு முதுகில் வெற்றிலை அளவுக்கு அம்மாக்கண்ணு ஒட்ட வெட்டினாள். பூனை போட்ட கூச்சலுக்கு மழையே கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. அந்த மயிரை மஞ்சள் துணியில் முடிந்து, சூடம் கொளுத்தி, கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். பூசாரி மாயாண்டி எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டார். "பங்களாப் புள்ளைக்கு" என்றாள் அம்மாக்கண்ணு. பொய்யில்லை.

ஒரு மாதத்தில் முடி முளைத்தது. ஆத்தா ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை, பேத்திக்குக் கொடுத்த அதே கருகரு. பழுப்பு முதுகின் நடுவே அடுப்புக்கரியில் வெற்றிலை வரைந்தது போல ஒரு மை இலை. அம்மாக்கண்ணு அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதாள்.  சொல்லுவதற்கு வேலாயியிடமும் வைத்தியம் தீர்ந்துபோயிருந்தது.

அக்டோபர் கடைசியில் துரையும் துரைசாணியும் வந்து இறங்கினார்கள். துரைசாணி காரிலிருந்து இறங்கியதும் கையை விரித்துக்கொண்டு, கொஞ்சலாக, "பிரின்சஸ்" என்று கூப்பிட்டாள். படியில் வந்து நின்ற பூனையைப் பார்த்தாள். விரித்த கை அப்படியே நின்றது. பூனையோ துரைசாணியை ஒரு தரம் மாறுகண்ணால் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அம்மாக்கண்ணுவின் கணுக்காலில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஆறு மாதத்தில் அது செய்த ஒரே குற்றம் அதுதான். அது போதுமானதாக இருந்தது.

துரைசாணி இங்கிலீசில் படபடவென்று பேசினாள். கிளாக்கர் தமிழில் தந்தார்: "இது தன்ரை பூனை இல்லையாம். தன்ரை பூனையை நீ சாகக் குடுத்துப்போட்டு, லயத்துப் பூனையொண்டைப் பிடிச்சு விட்டிருக்கிறாயாம்."

"அய்யோ அம்மா, இது அதேதாங்க. நெறந்தான் மாறிப்போச்சு."

"நிறம் மாற இதென்ன ஓணானோ? கூப்பிட்டால் உன்னட்டை ஓடுது. பங்களாப் பூனை ஏன் உன்னட்டை ஓடுது?" இது துரைசாணி சொன்னதல்ல. கிளாக்கர் சொந்தமாகப் போட்டது.

துரை ஒன்றும் கத்தவில்லை. பைப்பை வாயிலிருந்து எடுத்து இரண்டே வார்த்தை சொன்னார். அம்மாக்கண்ணு நாளையிலிருந்து கொழுந்து மலைக்கு. நிஜப் பூனை வருகிற வரைக்கும் கடிதம் கிடையாது. விசாரணைக்கு அன்றைக்குப் பதினாறு நாள் இருந்தது.

அம்மாக்கண்ணு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நாலு வருஷத்தில் விரல் மெத்தென்றாகியிருந்தது, கொழுந்து கிள்ளக் கிள்ளத் தோல் உரிந்தது. யாருடைய பூனைக்காகவோ பிறந்த ஊர் போகப் போகிறதே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்து நிரையில் நின்றவள் "என்னா பூனை ஆயா, பூனை எங்க?" என்று கேட்டபோது, கூடையோடு அவள் மேல் விழப் போனாள்.

பதினோராவது நாள் நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியர் வந்தார். துரைசாணிதான் வரவழைத்தாள். இது சயாம் பூனைதானா, அல்லது லயத்துக் கழுதையா என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. கொழும்பில் வரப்போகிற பூனைக் கண்காட்சிக்குப் பேர் கொடுத்துவிட்டிருந்தாள். விளக்கம் கேட்க அம்மாக்கண்ணுவையும் மலையிலிருந்து கூப்பிட்டு, சமையலறைக் கதவோரம் நிறுத்தினார்கள்.

டாக்டர் சிங்களவர், வயதானவர், நன்றாகத் தமிழ் பேசுவார். பூனையை மேசையில் வைத்துக் கண்ணைப் பார்த்தார். வாலை நீவி நுனி மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். சுவரில் இருந்த பத்திரத்தைக் கழற்றி வரச் சொல்லிப் படித்தார். அதில் வால் நுனி இடது பக்கம் மடிந்தது என்று எழுதியிருந்தது. பிறகு முதுகில் இருந்த கறுப்பு வெற்றிலையைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.

"இந்த இடத்தில முடி வெட்டினது யாரு?"

அம்மாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தாங்க. வேண்டுதலுங்க" என்றாள். கோயிலையும் குளிப்பாட்டினதையும் அடுப்பிலிருந்து விரட்டினதையும் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரின் வயிறு குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு துரைசாணியிடம் இங்கிலீசில் விளக்கினார். பிறகு அம்மாக்கண்ணுவிடமும் சொன்னார். அதுதான் அந்த மனுஷனிடம் நல்ல குணம்.

"இந்த ஜாதிப் பூனை சூட்டில வெளுக்கும், குளிர்ல கறுக்கும். அதான் உடம்பில குளிர்ந்த இடம், காது, வால், கால், எல்லாம் கறுப்பு. நீ அடுப்பில இருந்து விரட்டினாய், அதனால கறுத்தது. பச்சைத் தண்ணியில குளிப்பாட்டினாய், இன்னும் கறுத்தது. முடிய வெட்டினாய், அந்த இடம் நல்லாக் குளிர்ந்து மை மாதிரிக் கறுத்தது. இது அதே பூனைதான். ஏன், இங்க நெருப்பு போடுறது இல்லையா?"

அம்மாக்கண்ணு கிளாக்கரைப் பார்த்தாள். கிளாக்கர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அவர் வீட்டுப் புகைக்கூண்டு நன்றாகத் தெரிந்தது. அதில் புகையும் வந்துகொண்டிருந்தது.

கண்காட்சிக்காரர்கள் நம்ப வேண்டுமே என்று துரைசாணி டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் கேட்டு வாங்கினாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாக்கண்ணு கேட்டாள். கிளாக்கர் அன்றைக்கு இருந்த இருப்பில் மறுக்காமல் தமிழில் வாசித்துக் காட்டினார். "இன்ன நாளில் பிறந்த, இன்ன தாய் தகப்பனுடைய இந்தப் பூனை, இந்த மலைப் பகுதியில் இடைவிடாமல் வசித்து வந்தது என்பதற்கு அதன் உடம்பின் நிறமே போதிய அத்தாட்சி. இப்படிக்கு." கீழே கையெழுத்து, முத்திரை.

"நெறமே போதுங்களா?"

"எழுதிக் கிடக்குது. நான் வாசிச்சன்."

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மாக்கண்ணு மறுபடி பங்களாவுக்கு வந்தாள், கடிதமும் வந்தது. நாலு வரி. இந்தப் பெண்ணை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று முதல் எனக்குத் தெரியும். நேர்மையானவள். சுத்தமானவள். பூனைகளிடம் பிரியமானவள். அதற்கு முந்தின காலத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டதற்கு, தான் கண்ணால் பார்க்காததற்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். நாணயஸ்தர். பூனையின் பாட்டனையும் பூட்டனையும் அவர் கண்ணால் பார்த்திருந்தாரா என்று கேட்க அம்மாக்கண்ணுக்கு அப்போது தோன்றவில்லை. அரை ராத்தல் உப்பு வாங்கக் கடைக்குப் போகிற வழியில் தோன்றியது. தோன்றி என்ன.

விசாரணை நாளன்று அவளும் வேலாயியும் முதல் பஸ்ஸில் லிந்துலைக்குப் போனார்கள். மடியில் துரையின் கடிதம் இருந்தது. அதற்குள் மடித்து இன்னொரு காகிதமும் இருந்தது. துரைசாணியின் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தது. திருட்டு என்றால் திருட்டுத்தான், சாயங்காலத்துக்குள் திருப்பி வைத்துவிடுகிற திருட்டு.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். துரையின் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டு ஓரமாக வைத்தார். ஐம்பத்து மூன்று எதற்கும் உதவாது. முப்பத்தாறு வேண்டும். பிறப்புச் சாட்சி இருக்கிறதா? இல்லை. தோட்டத்துப் புத்தகம்? எலி தின்றுவிட்டது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

அம்மாக்கண்ணு இரண்டாவது காகிதத்தை மேசையில் வைத்தாள். அதிகாரி பாதி படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அவரும் படித்துவிட்டு, "இது என்ன, பூனையின்ரை சர்டிபிகேட்டெல்லோ?" என்றார்.

"ஆமாங்கய்யா. சாமி சத்தியமா நா ஏமாத்த வரல. அந்தப் பூனை கொழும்புல பொறந்தது. இங்க வந்து ஆறு மாசம் குளிர்ல கெடந்துச்சு. ஒடம்பு கறுத்துச்சு. அந்தக் கறுப்பே சாட்சி, இது இங்கதான் இருந்துச்சுன்னு டாக்டரய்யா எழுதிக் குடுத்துட்டாரு. ஆறு மாசத்துக்குங்கய்யா." அவள் இரண்டு கையையும் விரித்து மேசை மேல் வைத்தாள். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். குனிந்து, சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கினாள். அட்டை கடித்த வடுக்கள் அம்மைத் தழும்பு மாதிரி அடுக்கடுக்காக இருந்தன. "இது நாப்பத்தஞ்சு வருசத்துக் குளிரு. நீங்களே பாத்து எழுதிக்கிடுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே சிங்களத்தில் என்னவோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சிரிக்காமல் சொன்னார்.

"நீ பிறக்கேக்க வெள்ளையாய் இருந்தனியோ எண்டு ஐயா கேட்கிறார். இருந்தனியெண்டால், அதுக்கு அத்தாட்சி காட்டட்டாம்."

வெளியே வந்ததும் அதிகாரி என்ன கேட்டான் என்று வேலாயி விசாரித்தாள். அம்மாக்கண்ணு பஸ் நிற்குமிடத்தைப் பார்த்து நடந்தாள்.  தோட்டத்து முச்சந்தியில் இறங்கி நடக்கும்போதுதான், "நா பொறக்கறப்ப வெள்ளையா இருந்திருக்கணுமாம்டி, நம்ம ஆத்தாளப் பெத்தவளும்" என்றாள். வேலாயிக்கு அது விளங்கவில்லை. முதல் தடவையாக அவள் ஒரு விஷயத்தை விளங்காமல் விட்டாள்.

நிராகரிப்புக் கடிதம் ஜனவரியில் வந்தது. கிளாக்கர்தான் வாசித்தார். வாசித்துவிட்டு, "மேன்முறையீடு செய்யலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கும் மனசாட்சி என்று ஏதோ இருக்கத்தான் செய்தது, தாமதமாக. அதற்கு ஒரு மாதம் முந்தியே பங்களாவில் துரைசாணியின் புதிய உத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தது. கண்காட்சி மார்ச்சில். அதற்குள் பூனை வெளுக்க வேண்டும். கணப்பு இரவும் பகலும் எரிய வேண்டும், விறகு எவ்வளவு போனாலும் சரி. அதைக் கவனிப்பது அம்மாக்கண்ணுவின் வேலை.

மத்தியானம் அவள் விறகை நெருப்புக்குள் தள்ளிவிட்டுக் கணப்பின் முன் உட்கார்ந்தாள். வெளியே மலையெல்லாம் பனி பிடித்துக் கொழுந்து கருகிக் கிடந்தது. பிரின்சி விரிப்பில் நாலு காலையும் நீட்டிக் கிடந்தது. முதுகில் கறுப்பு வெற்றிலையைச் சுற்றிலும் புது மயிர் பால்நிறமாக முளைக்கத் தொடங்கியிருந்தது. அம்மாக்கண்ணு அந்தப் பால்நிறத்தை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம். அப்புறம் அத்தாட்சி போய், இந்தப் பூனை இந்த ஊரில் ஒரு நாளும் இருந்ததில்லை என்றாகிவிடும்.

எழுந்து போய், துரைசாணியின் ஆறு பக்கத்தில் திறக்கவே கூடாதென்று எழுதியிருந்த ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். பனிக்காற்று திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"கறுத்துக்க தாயி" என்றாள். "ஒன்ன ஒத்துக்கிட்டாங்க. எனக்கும் சேத்துக் கறுத்துக்க."

பூனை ஜன்னலைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. எழுந்து, சோம்பல் முறித்து, நெருப்புக்கு இன்னும் ஒரு சாண் நெருங்கிப் படுத்துக்கொண்டது. அம்மாக்கண்ணு அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் போய் உட்கார்ந்தாள்.